ஒண்ணாம் நம்பர் பட்டன்

உ
மந்தைவெளி
22-9-2024

கீர்த்திக்கு,

முன்னெல்லாம் உனக்கு ஒரு பார்சல் அனுப்புனாக்கூட 'சௌபாக்கியவதி கீர்த்திக்கு'ன்னு எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்னைக்கும் கை தன்னால 'சௌ' வரைக்கும் எழுதிடுச்சு. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற தாள் எடுத்திருக்கேன். வெறும் பேரை மட்டும் போட்டிருக்கேன். மரியாதைக் குறைவுன்னு நினைக்காத.

எத்தனையோ தடவை போன் போட்டுட்டேன், நீ எடுக்கல. வடபழனி என்ன வெளிநாடா? ஒரே பஸ்ல ஏறி உங்க அப்பா வீட்டு வாசல்ல வந்து நிக்க எனக்குத் தெரியாதா? உங்க அப்பா முகத்துல முழிக்க இன்னும் தெம்பு வரல, பாத்துக்கோ. அதான் கடிதாசி.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தபந்தமெல்லாம் பந்தியில உக்காந்திருக்கு. நீ கூடத்துக்கு நடுவுல வந்து நின்னு, "மாமா, வண்டியை வித்துடலாம்"னே. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துல, தி.நகர் கடையில, கல்லாவுல உக்காந்திருந்த எம் பிள்ளை புகழேந்தி அப்படியே சாஞ்சு போயி ஒரு மாசம்கூட ஆகல. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "கடைச் சரக்கா இது, தேங்கிப்போச்சுன்னு தள்ளிவிட?"ன்னு கேட்டேன். அதுக்கு மேலயும் வார்த்தை வந்துச்சு. நீ அன்னைக்கே பையைத் தூக்கிட்டுப் போயிட்ட. நான் பேசுனது தப்புன்னு சொல்லுறதுக்கு இதை எழுதல. நீ பேசுனது எனக்கு இன்னும் ஆறல.

விஷயம் வேற. வண்டி நிறுத்துன இடத்துலயே நிக்குது. வாட்ச்மேன் தங்கவேல் தினமும் என்னை வழிமறிச்சு, "சார், ஹைப்ரிட் வண்டியை இப்படியே போட்டு வெச்சா பேட்டரி செத்துடும் சார்"ங்கான். எனக்கு என்ன தெரியும்? நான் வாழ்நாள் பூரா ஓட்டுனது கடை டீசல் வேன். சாவியைத் திருகினா தெருவே முழிச்சுக்கும். இதுல சாவியைத் திருகுற வேலையே இல்ல. புகழேந்தி ஓட்டுனான், நீ ஓட்டியிருக்க. குடோன்லருந்து கடைக்கு மூட்டை மூட்டையா லோடு அடிச்சு அடிச்சு, அதுக்கு 'லாரி'ன்னு பேர் வெச்சதே நீதான். கடைசியா அவன் ஏத்துன காட்டன் சேலை மூட்டை இன்னும் பின்னாடிதான் கிடக்கு. நான் இறக்கல. இறக்கவும் மாட்டேன்.

வண்டியை விக்கிறதா இல்ல. ஆனா அதுவும் சாகக் கூடாது. என்ன செய்யணும்னு மட்டும் எழுது.

அத்தை சாப்பிடுறா. பேசுறதுதான் இல்ல.

நல்லசிவம்


வடபழனி
29-9-2024

மாமா,

போன் எடுக்காததுக்குக் கோபம் மட்டும் காரணம் இல்ல. உங்க குரலும் புகழ் குரலும் போன்ல ஒண்ணுபோல இருக்கும். கல்யாணமான புதுசுல நான் எத்தனை தடவை ஏமாந்திருக்கேன்னு உங்களுக்கே தெரியும். நீங்க "ஹலோ"ன்னு சொல்ற அந்த ஒரு நொடியை என்னால தாங்க முடியாது. வாட்ஸ்அப்பும் வேண்டாம். நான் படிச்சேனா இல்லையான்னு நீல டிக்கைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பீங்க. லெட்டரே போதும்.

"கடைச் சரக்கா"ன்னு கேட்டதை எழுதின நீங்க, அதுக்கு அடுத்த வார்த்தையை எழுதாம விட்டுட்டீங்க. நான் எழுதறேன். "போறவ எல்லாத்தையும் வித்துட்டுப் போ"ன்னீங்க. எங்க அப்பா கையில பிடிச்ச சாப்பாட்டோட அப்படியே எழுந்துட்டார். அந்த மனுஷன் ஸ்டூடியோவுல லைட் தூக்கிப் பிழைச்சவர், யாரையும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல. அன்னைக்கும் பேசல. அதுதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

நான் ஏன் விக்கச் சொன்னேன்னு இப்ப சொல்ல மாட்டேன். பணத்துக்காக இல்ல. அதை மட்டும் நம்புங்க, நம்பாட்டியும் போங்க.

பேட்டரி விஷயம். அந்த வண்டியில ரெண்டு பேட்டரி இருக்கு. பெரிசு அடியில இருக்கும், வண்டியை ஓட்டறது அது. இன்னொண்ணு சின்னது, சாதாரண கார் பேட்டரி மாதிரி. பூட்டு, லைட்டு, சீட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் அதுலதான் ஓடும். வண்டியை எழுப்பி விடறதும் அதுதான். வண்டி சும்மா நின்னா சின்னது கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடும். அது இறங்கிட்டா பெரிசுல எவ்வளவு கரண்ட் இருந்தும் பிரயோஜனம் இல்ல, கதவுகூடத் திறக்காது. அதனால வாரம் ஒரு தடவை பட்டனை அழுத்தி ஸ்டார்ட் பண்ணி, அரை மணி நேரம் அப்படியே விடுங்க. பெரிசு சின்னதுக்கு சார்ஜ் ஏத்திக்கும். ஓட்டவே வேண்டாம்.

ஒண்ணு முக்கியம். சத்தம் வராது. உங்க டீசல் வேன் மாதிரி உறுமும்னு காத்திருக்காதீங்க. முன்னாடி லைட்டெல்லாம் எரியும், அவ்வளவுதான். சத்தம் இல்லியேன்னு திரும்பத் திரும்ப பட்டனைப் போட்டு அமுக்காதீங்க.

ஆபீஸுக்குத் திரும்பிட்டேன். எல்லாரும் மெதுவாப் பேசறாங்க. அத்தையைக் கேட்டேன்னு சொல்லுங்க. சொல்லணும்னு தோணினா மட்டும்.

கீர்த்தி


உ
மந்தைவெளி
20-10-2024

கீர்த்திக்கு,

நீ எழுதுனபடியே செய்யுறேன். ஞாயித்துக்கிழமை குளிச்சு முடிச்சதும் கீழ இறங்கிடுவேன். உள்ள உக்காந்து பட்டனை அமுக்குனா லைட்டெல்லாம் எரியுது, கடிகாரம் எரியுது, காத்து வருது. சத்தம் இல்ல. மொதல் தடவை எனக்கே சிரிப்பு வந்துச்சு. இவ்வளவு பெரிய வண்டி, ஊமை மாதிரி நிக்குது. நீ மட்டும் எழுதாம இருந்தா பட்டனை அமுக்கி அமுக்கி ஒடைச்சிருப்பேன்.

இப்ப ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்லன்னு தெரியல. நேராச் சொல்லிடுறேன்.

போன மாசக் கடைசியில தண்ணி லாரி உள்ள வரணும்னு நம்ம மேனேஜர் கணேசமூர்த்தி வண்டியை ஒதுக்கி விட்டான். அவன்தான் குள்ளமாச்சே, சீட்டை ஸ்டியரிங்கோட ஒட்டுற மாதிரி முன்னால இழுத்து வெச்சிட்டான். நான் போயி உக்காந்தா தொப்பை இடிக்குது. புழுக்கமா இருக்கேன்னு கண்ணாடியை இறக்க கதவுப் பக்கம் தடவுனேன். கண்ணாடி இறங்கல. சீட்டு நகர ஆரம்பிச்சுது. தன்னால, மெதுவா, என்னையும் தூக்கிக்கிட்டு பின்னால போச்சு. சாய்மானம் கொஞ்சம் சரிஞ்சுது. அப்புறம் நின்னுடுச்சு. கண்ணாடி போட்டுக்கிட்டு பாத்தா, கதவுல '1'னு ஒரு பட்டன்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சும்மா. என் கால் பெடலுக்கு எட்டல. இது எனக்கான இடமில்ல, கணேசமூர்த்திக்கும் இல்ல. எம் பிள்ளை காலை நீட்டி உக்காந்த இடம். அவன் போயிட்டான், இந்த வண்டி அவனை இன்னும் ஞாபகம் வெச்சிருக்கு. நான் அங்கேயே உக்காந்து வாய்விட்டு அழுதேன். தங்கவேல் ஓடி வந்தான், கையைக் காட்டிப் போகச் சொல்லிட்டேன்.

இப்பல்லாம் ஞாயித்துக்கிழமைன்னு கணக்கு இல்ல. கடையிலருந்து வந்ததும் நேரா அங்கதான் போறேன். சீட்டை முன்னால இழுத்து வெச்சுக்கிடுவேன். '1' அமுக்குவேன். அது போகும். மறுபடியும் முன்னால இழுப்பேன், மறுபடியும் அமுக்குவேன். பைத்தியம் பிடிச்சிருக்குன்னு நினைக்காத. சார்ஜும் ஏறுதுல்லா, நல்லதுதானேன்னு நினைச்சுக்கிடுறேன்.

அத்தைகிட்ட சொன்னேன். கீழ வர மாட்டேன்னு தலையை ஆட்டிட்டா.

இதுக்குப் பிறகும் விக்கச் சொல்லுவியா? உனக்கு இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அந்த வார்த்தை உன் வாயில வந்திருக்காது.

நல்லசிவம்


வடபழனி
2-11-2024

மாமா,

தெரியும்.

தெரிஞ்சதாலதான் விக்கச் சொன்னேன்.

பதினாறாம் நாள் காலையில ஐயர் வந்துட்டார், தானம் குடுக்கற குடையைக் காணோம்னு அத்தை தேடினாங்க. வண்டியில இருக்கும்னு நான் எடுக்கப் போனேன். டிரைவர் சீட்ல உக்காந்து எட்டி எடுத்தேன். ஆம்புலன்சுக்கு வழி விட யாரோ வண்டியை நகர்த்தியிருந்தாங்க போல, சீட் முன்னாடி இருந்தது. எனக்கு எங்கயிருந்து அந்த ஆசை வந்ததோ, ஆன் பண்ணி அந்தப் பட்டனை அழுத்தினேன். அது என்னையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் பின்னாடி போச்சு. அவர் இடத்துல கொண்டுபோய் நிறுத்திச்சு. அங்க அவர் இல்ல மாமா. நான்தான் இருந்தேன். வெள்ளைப் புடவை இல்லாட்டியும் நெத்தி வெறிச்சுன்னு, கையில குடையோட.

நீங்க அந்த சீட் நகர்ந்தா அவர் இருக்கார்னு நினைக்கறீங்க. அது நகர்றப்பதான் அவர் இல்லைங்கறது எனக்கு உறைக்குது. மேல வந்து குடையைக் குடுத்தேன், காரியம் முடியற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். பந்தி நேரம்னுகூட எனக்குத் தோணல. அந்த வண்டி அந்தக் கட்டடத்துக்கு அடியில நிக்கற வரைக்கும் என்னால மாடியில இருக்க முடியாதுன்னு மட்டும் தெரிஞ்சது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இவ்வளவு சொன்னதுக்கப்புறம் என்ன. நாம குடும்பமாப் போறப்பல்லாம் முன்சீட் உங்களோடது. அது எழுதாத சட்டம். நான் எப்பவும் அவருக்குப் பின்னாடி. பின்னாடி மூட்டை ஏத்தறதுக்காக நடுசீட்டை முன்னாடி இழுத்து வெச்சிருப்பீங்க, என் முட்டியும் அவர் சீட்டும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். நீங்க தி.நகர் சிக்னல்ல டிராபிக் போலீஸைத் திட்டிக்கிட்டு வருவீங்க. அவர் கதவுப் பக்கம் கையை விட்டு சீட்டைக் கொஞ்சூண்டு பின்னாடி தள்ளி என் முட்டியை இடிப்பார். நான் "ஸ்ஸ்"ம்பேன். கண்ணாடியில பார்த்துச் சிரிப்பார். உங்களுக்குத் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்க எல்லாருக்கும் நடுவுல எங்களுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

தீபாவளிக்கு எங்க தெருவுல வெடி அதிகம். ஜன்னலை மூடிக்கிட்டோம். அங்கயும் விளக்கு ஏத்தியிருக்க மாட்டீங்க.

நான் விக்கச் சொன்னது சொன்னதுதான். ஆனா சண்டை போடத் தெம்பு இல்ல.

கீர்த்தி


மந்தைவெளி
10-11-2024

கீர்த்தி,

எல்லாம் போச்சு.

தீபாவளி கழிஞ்சு மறுநாள் கீழ போனேன். கையில சாவிப் பட்டனை அமுக்குறேன், கதவு திறக்கல. வண்டி அசையல, லைட்டு மினுங்கல. மழையில ஏதோ ஆயிருச்சுன்னு நினைச்சேன். நாலஞ்சு நாள் கம்பெனிக்காரங்களுக்குப் போன் போட்டு, ஆள் வராம, கடைசியில ராயப்பேட்டையிலருந்து அன்வர் பாஷாவைக் கூப்பிட்டேன். நம்ம கடை வேனுக்கு வேலை பாக்குறவரு. அவரு அந்தச் சாவிக்குள்ளருந்து ஒரு குட்டி இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தாரு.

"பேட்டரி சுத்தமா பூட்ச்சு சார்"னாரு. நான் சொன்னேன், எப்படிப் போகும், தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் ஓட விடுறேனேன்னு. "எப்டி சார் ஓட வுடுவீங்க?"ன்னாரு. செஞ்சு காட்டுனேன். உக்காந்தேன், பட்டனை அமுக்குற மாதிரி விரலை வெச்சேன்.

"காலு எங்க கீது சார்?"

என் கால் கீழ சும்மா கிடந்துச்சு.

"இன்னா சார் நீங்க. பிரேக்க மெரிச்சிக்கினு அமுக்குனாதான் வண்டி ரெடி ஆவும். சும்மா அமுக்குனா லைட்டு மட்டும்தான் எரியும். சார்ஜு ஏறாது, எறங்கிக்கினே போவும். எனுக்கே இந்த வண்டி புச்சு சார், ஷோரூம்ல எம் மச்சான் கீறான், அவனாண்ட கேட்டுத்தான் சொல்றேன்."

கேட்டியா? இத்தனை நாளும் நான் அதை ஓட்டவே இல்ல. லைட்டைப் போட்டு வெச்சுக்கிட்டு, உயிரோட இருக்குன்னு நினைச்சு உக்காந்திருந்திருக்கேன். ஒவ்வொரு தடவை '1' அமுக்குனப்பவும், சீட்டை இழுத்தப்பவும், அந்தச் சின்ன பேட்டரியோட ரத்தத்தை உறிஞ்சிருக்கேன். காப்பாத்துறேன் காப்பாத்துறேன்னு நானே கொன்னுருக்கேன்.

புது பேட்டரி போட்டாச்சு. பிரேக்கை மிதிச்சு அமுக்குனேன். கடிகாரம் பன்னெண்டு மணின்னு காட்டுது. '1' அமுக்குனேன். அசையல. அமுக்கிக்கிட்டே இருந்தேன். அன்வர் பாஷாதான் மெதுவா என் கையை எடுத்து விட்டாரு. "கரண்ட்டு பூட்ச்சுன்னா செட்டிங்கெல்லாம் அழிஞ்சிடும்ன்றான் சார் மச்சான்"னாரு.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, பிரேக்கை மிதிக்கணும்னு நீ எழுதியிருக்கலாமில்லியா? சத்தம் வராது, காத்திருக்காதீங்க, அமுக்காதீங்கன்னு அத்தனையும் எழுதுன. அதை எழுதலியே! வேணும்னேதான் விட்டியோன்னுகூட மனசு போச்சு. போச்சுன்னு எழுதுறேன், மறைக்கல. நீதான் விக்கச் சொன்னவளாச்சே.

அப்புறம் நானே சீட்டை நகர்த்தி அந்த இடத்துல நிறுத்திப் பாத்தேன். இங்கயா? இன்னும் பின்னாலயா? பத்து வயசுல அவனுக்குச் செருப்பு எடுக்க பாண்டி பஜார் கூட்டிட்டுப் போனேன், அந்த அளவுகூட எனக்கு ஞாபகம் இருக்கு. வளந்த பிள்ளையோட கால் எவ்வளவு நீளம்னு பெத்த தகப்பனுக்குத் தெரியலம்மா. எங்க நிறுத்துனாலும் அது அவன் இடம் மாதிரி இல்ல.

இனி வித்துக்கோ. என்னைக்குன்னு சொல்லு.

நல்லசிவம்


வடபழனி
17-11-2024

மாமா,

நான் வேணும்னு விடல. வண்டி ஓட்டறவங்களுக்கு பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்றது யோசிச்சுச் செய்யற விஷயமே இல்ல. சாப்பிடச் சொல்றப்ப வாயைத் திறந்து சாப்பிடுங்கன்னா சொல்வோம்? நீங்களும் ஆயுசு பூரா ஓட்டினவராச்சேன்னு நினைச்சேன். உங்க வேன்ல சாவியைத் திருகினா போதும்ங்கறது எனக்குத் தோணல. அது என் தப்புன்னா தப்புதான். ஆனா வேணும்னு விட்டியோன்னு கேட்டீங்களே, அதுக்கு நான் அழுதேன். எழுதிட்டேன், விட்டுடுங்க.

உங்க லெட்டரைப் படிச்சு முடிச்சதும் முதல்ல எனக்கு வந்தது "அப்பாடா"ங்கற நினைப்புதான். ஒழிஞ்சது, இனி அது நகராதுன்னு. ஒரு நாள் முழுக்க அந்த நிம்மதியோடதான் இருந்தேன். ஆபீஸ்ல பூஜான்னு ஒருத்தி, "இன்னைக்கு முகம் தெளிவா இருக்கே"ன்னாகூட. சாயங்காலம் ஷேர் ஆட்டோவுல வந்தேன். முன்சீட்டுக்காரன் சாஞ்சப்போ என் முட்டியில இடிச்சது. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல, கோடம்பாக்கம் பாலத்துல ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி அழுதேன். வேணாம் வேணாம்னு சொன்னது நிஜமாவே இல்லாமப் போச்சே மாமா. இப்ப நானும் எங்க போய்த் தேடறது?

அப்பதான் எனக்குத் தோணிச்சு. உங்களுக்கு அவர் கால் நீளம் தெரியாம இருக்கலாம். என் முட்டிக்கு அவர் இடம் தெரியும்.

பின்னாடி இருக்கற மூட்டையை இறக்கிட்டீங்களா? இறக்கலைன்னா இறக்காதீங்க. நடுசீட்டை யாரும் நகர்த்தலைன்னா அது அவர் வெச்ச இடத்துலயேதான் இருக்கும். நான் வந்து என் இடத்துல உக்காந்துக்கறேன். நீங்க முன்னாடி உக்காந்து, பிரேக்கை மிதிச்சு ஸ்டார்ட் பண்ணிட்டு, டிரைவர் சீட்டை மெதுவாப் பின்னாடி கொண்டு வாங்க. என் முட்டியில பட்டதும் போதும்னு சொல்றேன். அங்க நிறுத்திட்டு 'செட்' பட்டனை அழுத்தி, உடனே '1' அழுத்தணும். அவ்வளவுதான், திரும்ப ஞாபகம் வெச்சுக்கும்.

அடுத்த ஞாயிறு காலையில வரேன். அன்னைக்குப் பேசின பேச்சை யாரும் எடுக்க வேண்டாம். மாடிக்கு வருவேனான்னு தெரியல. அத்தையைக் கட்டாயப்படுத்தாதீங்க.

கீர்த்தி


வடபழனி
25-11-2024

மாமா,

நேத்து வாய் திறந்து பேச முடியல. அதனால எழுதறேன்.

தங்கவேல் என்னைப் பார்த்ததும் நாற்காலியிலருந்து எழுந்து நின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார். நீங்க இவ்வளவு இளைச்சிருப்பீங்கன்னு நான் நினைக்கல. சட்டை தொளதொளன்னு கிடக்கு. இதைச் சொல்லலாமான்னு தெரியல, சொல்லிட்டேன். ஒழுங்காச் சாப்பிடுங்க.

இன்னொண்ணையும் சொல்லணும். நீங்க சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டு வந்தீங்க. "இங்கயா? இங்கயா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தீங்க. நான் இல்ல, இல்லன்னு சொன்னேன். அப்புறம் என் முட்டியில பட்டது. பட்டது மாமா. அதுதான் அவர் இடம். எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது. அங்கயே நான் போதும்னு சொல்லியிருக்கணும்.

சொல்லல. இன்னும் கொஞ்சம் வரட்டும்னு விட்டேன். அது அழுத்திச்சு. வலிச்சது. அவர் வம்புக்கு இடிப்பாரே, அந்த அளவுக்கு வந்தப்புறம்தான் "போதும்"னேன். நீங்க நம்பி செட் பண்ணிட்டீங்க.

அதனால நீங்க இப்ப '1' அழுத்தினா சீட் போய் நிக்கறது அவர் வண்டி ஓட்டற இடம் இல்ல. அதுக்கும் ஒரு விரல்கடை பின்னாடி. உங்களை ஏமாத்திட்டேன்னு ராத்திரி பூரா உறுத்திச்சு. வேணும்னா வந்து சரி பண்ணிக் குடுக்கறேன்.

மாடிக்கு வராமப் போனதுக்கு அத்தைகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க. நிமிர்ந்து பார்த்தேன், பால்கனியில நின்னுக்கிட்டு இருந்தாங்க. கையை ஆட்டலாமா வேண்டாமான்னு யோசிக்கறதுக்குள்ள உள்ள போயிட்டாங்க.

வண்டி விஷயத்துல இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வெச்சுக்கிட்டாலும் சரி, வித்தாலும் சரி. எங்க கையெழுத்து போடணுமோ போடறேன்.

கீர்த்தி


உ
மந்தைவெளி
8-12-2024

மகள் கீர்த்திக்கு,

மேல என்ன போடணும்னு இந்தத் தடவை நான் யோசிக்கல.

நீ ஏமாத்தல. எனக்கு முன்னால கண்ணாடி இருக்குல்லா? அதுல உன் முகம் தெரிஞ்சுது. சீட்டு உன் முட்டியில பட்டதும் உன் முகம் மாறுனதைப் பாத்தேன். நீ போதும்னு சொல்லுவேன்னு பாத்தேன், சொல்லல. கண்ணை மூடிக்கிட்ட. எனக்குப் புரிஞ்சுது. நானும் விரலை எடுக்கல. அதனால அந்த ஒரு விரல்கடைக்கு நானும் கூட்டு. அதைச் சரி பண்ண வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

இத்தனை வருஷம் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துலயே உக்காந்து வந்திருக்கேன். கண்ணாடியில பாத்துச் சிரிப்பான்னு எழுதியிருந்தியே, அதை நான் ஒரு தடவைகூடப் பாக்கல, பாத்துக்கோ. போலீஸ்காரனைத் திட்டுறதுலயே போச்சு. உங்களை ரெண்டு பேரா ஒரு தடவை எங்கயாவது அனுப்பியிருக்கலாம். பெசன்ட் நகர் பீச்சுக்குக்கூட நாங்களும் ஏறிக்கிட்டோம்.

உங்க அப்பாகிட்ட நான் பேசணும். கடிதாசியில இல்ல, நேர்ல. பாதிச் சாப்பாட்டுல எழுப்பி விட்டவன் நான். அடுத்த வாரம் வாரேன். அவரு இருக்குற நேரமாப் பாத்து எழுது.

வண்டியை வித்துடலாம். மார்கழியில வேண்டாம், தை பிறக்கட்டும். மூட்டையை இறக்கணும், கடையில சேத்துக்கிடணும். வாங்குறவன் மொத நாளே தன் காலுக்கு ஏத்த மாதிரி சீட்டை வெச்சு '1' அமுக்கிக்கிடுவான். அமுக்கிக்கிடட்டும். பாவம், அவனும் ஓட்டணும்ல. வண்டி போற அன்னைக்கு ஒரு தடவை நீ ஓட்டு. முன்சீட்டுல அத்தை உக்காரட்டும். நான் பின்னால உக்காந்துக்கிடுறேன்.

இன்னைக்குக் காலையில நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதாசியே. சார்ஜ் போட நான் கீழ கிளம்புனேன். உங்க அத்தை தலையை முடிஞ்சுக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு பின்னாலயே வந்துட்டா. ஒண்ணும் கேக்கல, நானும் கேக்கல. வண்டிகிட்ட வந்ததும், "அவன் இடத்துல நான் உக்காருறேன்"னா. கார்ல டிரைவர் சீட்டுல அவ உக்காருறது அவ வாழ்க்கையில இதான் மொதல் தடவை. எந்தக் காலை எங்க வைக்கணும்னு காட்டிக் குடுத்தேன். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு பட்டனை அமுக்குனா. ரெடின்னு லைட்டு எரிஞ்சுது.

நான் பின்னால போயி உன் இடத்துல உக்காந்தேன். '1' அமுக்கச் சொன்னேன்.

சீட்டு அவளைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. குட்டைக் கால் ரெண்டும் பெடலை விட்டுப் போயிருச்சு, சின்னப் பிள்ளை மாதிரி முன்னால நீட்டிக்கிட்டு வந்தா. வந்து என் முட்டியில இடிச்சு நின்னுச்சு. நல்லா அழுத்துச்சு. அவ திரும்பாமலே, "படுதா?"ன்னு கேட்டா. அவ என்கிட்ட ஒரு கேள்வி கேட்டே எத்தனையோ நாளாச்சு.

"படுது"ன்னேன்.

அவ இறங்கல. நானும் நகரல. அரை மணி நேரம் எப்பவோ தாண்டியிருக்கும், நிறுத்தணும்னு ரெண்டு பேருக்கும் தோணல. இன்னைக்கு சார்ஜ் நல்லா ஏறியிருக்கும்மா.

நல்லசிவம்